மீன் கழிவும் சீனியும் போதும்: சாடிச் செடிகளுக்கு வீட்டிலேயே உரம்

தோட்டப்புற லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில், கொல்லையில் வளர்ந்த கீரைக்கும் மிளகாய்க்கும் மாட்டுச் சாணம் இருந்தது. அடுக்குமாடிக்கும் தாமான் வீடுகளுக்கும் குடிவந்த பிறகு செடிகள் பூச்சாடிக்குள் வந்துவிட்டன. சாணம் கிடைப்பது அரிது. ஆனால், சந்தையிலிருந்து வாங்கிவரும் மீனின் தலை, குடல், செவுள் எல்லாம் குப்பைக்குத்தான் போகின்றன. தழைச்சத்து நிறைந்த அக்கழிவை நல்ல உரமாக்கலாம்.

பலரும் தயங்குவது நாற்றத்துக்காக. கழிவைச் சாடியில் அப்படியே புதைத்தால் பூனையும் எலியும் கிளறும். பக்கத்து வீட்டாரும் முகம் சுளிப்பர். இதைத் தடுப்பது சீனி. அது மீனிலுள்ள நீரை வெளியே இழுத்து, அழுகச் செய்யும் கிருமிகளை அடக்குகிறது. மீன் அழுகாமல் புளித்துக் கரைகிறது.

செய்முறை

ஒரு கிலோ பச்சை மீன் கழிவுக்கு ஒரு கிலோ பழுப்புச் சீனி அல்லது வெல்லம் தேவை. உப்போ மசாலாவோ சேர்ந்த மீன் கூடாது. கழிவைத் தண்ணீர் வடித்து, சிறு துண்டுகளாக வெட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் சீனியோடு கலக்க வேண்டும். மேலே ஒரு பிடி சீனியைத் தூவலாம். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

ஈ நுழையாதபடி வாயைத் துணியால் இறுகக் கட்டி, நிழலில் வைக்க வேண்டும். புளிக்கும்போது வாயு உண்டாகும் என்பதால், கண்ணாடிப் போத்தலில் அடைத்து இறுக மூடுவது ஆபத்து, வெடித்துவிடலாம்.

மூன்று, நான்கு வாரங்களில் பழுப்பு நிறச் சாறு இறங்கி, இனிப்பும் புளிப்பும் கலந்த வாசம் வரும். அழுகல் நாற்றம் வந்தால் சீனி போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கிளறலாம்.

பயன்படுத்தும் முறை

சாற்றை வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் கலந்து, இரு வாரத்துக்கு ஒருமுறை மாலையில் வேரடியில் ஊற்ற வேண்டும். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் வேர் கருகும்.

கறிவேப்பிலை, முருங்கை, கீரைக்கு இது மிகவும் ஏற்றது. மிளகாய், கத்தரி பூக்கத் தொடங்கியதும் குறைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் இலைதான் மிஞ்சும், காய் குறையும்.