வட்டை வேலை முடிந்தால் நாய்க்கு என்ன வேலை?

சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் வெள்ளாமை விளைந்து நிற்கும் நாட்களில் நாயைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. இரவெல்லாம் வரம்பு வரம்பாக ஓடிப் பன்றியைக் குரைத்து விரட்டிவிட்டு, விடியும்போது வாடியின் ஓரத்தில் சுருண்டுகொள்ளும். அறுவடை முடிந்து அதை ஊருக்குக் கொண்டுவந்து வளவில் கட்டிய பிறகுதான் தொல்லை. செருப்பைக் கடித்துக் குதறுகிறது, வேலியோரம் குழி தோண்டுகிறது, மதிலுக்கு அப்பால் சைக்கிள் போனாலே சங்கிலி அறுமளவுக்குப் பாய்கிறது. "என்ன காக்கா, உங்கட நாய்க்கு விசரா?" என்று அடுத்த வளவுக்காரர் கேட்கிறார்.

வேலை பறிபோன தவிப்புத்தான் அது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது போல வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்களில் அந்தத் தவிப்புக்கு ஓட இடமும் இல்லை. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட இளம் நாயென்றால் சொல்லவே வேண்டாம்.

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் கடும் நஜிஸ். பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். மஃரிபுக்கு வெள்ளைச் சாரம் உடுத்திப் புறப்பட்டவர் மேல் நாய் பாய்ந்து நக்கிவிட்டால் வீடே அமளிப்படும். ஆனால் வேட்டைக்கும், ஆடு மாட்டுக்கும், வயல் காவலுக்கும் நாய் வைத்திருக்க மார்க்கம் இடம் தந்திருக்கிறது. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை ஹதீஸில் படிக்கிறோம். குகைத் தோழர்களின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயை சூறத்துல் கஹ்பில் ஓதுகிறோம். காவலுக்கென்று வளர்த்துவிட்டு, காவல் இல்லாத மாதங்களில் கல்லெறிவது எந்த வகையிலும் நியாயமில்லை.

தொடாமலே நாயைப் பழக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பாயும்போது கத்துவதும் கையால் தள்ளுவதும் நாய்க்கு விளையாட்டாகவே படும். இன்னும் உற்சாகமாகப் பாயும். திரும்பி நின்று, பார்க்காமல், பேசாமல் இருங்கள். நாலு காலும் நிலத்தில் பட்ட அந்தக் கணத்தில் ஒரு துண்டு மீனைத் தூரத்தில் எறியுங்கள். உம்மா, வாப்பா, பிள்ளைகள் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் தட்டிக் கொடுத்து மற்றவர் கம்பெடுத்தால் நாய் குழம்பிப்போகும். சோறு வைக்குமுன் "இரு" என்று ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்லுங்கள். அது உட்கார்ந்த பிறகே சட்டியைக் கீழே வையுங்கள்.

ஓட்டம் மட்டும் போதாது, மூக்குக்கும் வேலை வேண்டும். சோற்றை ஒரே சட்டியில் கொட்டாமல், சிறு உருண்டைகளாக்கித் தேங்காய் மட்டைகளுக்கு அடியிலும் மரத்தடியிலும் ஒளித்துவிட்டால் மோந்து மோந்து தேடும். தேடி முடித்த நாய் தானாகவே படுத்துக்கொள்ளும். பொலிஸ் பிரிவுகளில் வெடிபொருளும் போதைப்பொருளும் தேடப் பழக்குவது மந்தமான நாய்களை அல்ல. அடங்காமல் துள்ளும் நாய்களையே விரும்பி எடுக்கிறார்கள். நம் வளவில் தொல்லையாகத் தெரியும் குணம் அங்கே தகுதி.

சுபஹு தொழுத கையோடு கடற்கரைக்குக் கூட்டிப்போனால் மணலில் ஓடவிடலாம். நண்பகலில் வேண்டாம். நமக்கு வேர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை, இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. நாள் முழுக்கக் கட்டிவைக்கும் குட்டைச் சங்கிலிதான் நல்ல நாயையும் கெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு மரங்களுக்கிடையே கம்பி இழுத்து, அதில் சங்கிலியின் வளையத்தை ஓடவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சாதுவாக இருந்த நாய் திடீரென்று நிலைகொள்ளாமல் அலைந்து, வாயில் நீர் வடிந்து, கண்டதையெல்லாம் கடித்தால் அது இளமைத் துள்ளல் அல்ல, நீர்வெறுப்பு நோயாக இருக்கலாம். இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துக்குள் குறைந்ததற்கு நாய்களுக்குப் போடும் தடுப்பூசி முக்கிய காரணம். கடிபட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட வருகிறவர்களிடம் பிடிபடாமல் ஓடுவதும் இந்தத் துள்ளல் நாய்கள்தான். ஆகவே கழுத்துப்பட்டிக்கும் கயிற்றுக்கும் குட்டியிலேயே பழக்கிவிடுங்கள்.