நடுக்கடலில் இருபத்தோரு சீட்டு

சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் அந்தமான் தலைநகரைத் தொட ஏறக்குறைய 1,200 கி.மீ. ஓட வேண்டும். இரண்டரை நாள் ஆகலாம், மூன்றும் ஆகலாம். கரை மறையும்போதே செல்போனும் அடங்கிவிடும். முதல் நாள் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் பங்க் வகுப்பின் அடுக்குப் படுக்கைகளில் சீட்டுக்கட்டுகள் தலை காட்டும். ரம்மி, கழுதை என்று பொழுது ஓடும். சீட்டு வித்தை கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. இதைவிட ஆபத்தான மேடையும் கிடைக்காது.

ஆரம்பப் பாடம் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். வலது கை கட்டைப் பிடித்திருக்க, இடது கை மேலிருந்து சிறு சிறு கொத்தாக உருவி உள்ளங்கையில் சேர்க்கும். கல்யாண வீட்டுத் திண்ணையில் எல்லோரும் சீட்டுக் கலைப்பது இப்படித்தான். உலகெங்கும் உள்ள மேஜிக் புத்தகங்கள் இதற்கு 'ஹிந்து ஷஃபிள்' என்று பெயர் சூட்டி, தனி அத்தியாயம் போட்டுச் சொல்லித்தருகின்றன. வெளிநாட்டுக்காரர் வாரக்கணக்கில் பழகும் வேலை நம் ஊர்க்காரருக்குப் பிறவிச் சொத்து.

அதை வைத்தே முதல் வித்தையைச் செய்துவிடலாம். கலைப்பதற்கு முன் அடிச்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளாவர் ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் ஒரு சீட்டை எடுத்து மனதில் வைத்துக்கொள்கிறார். பாதி கலைத்த நிலையில் நிறுத்தி, அதை இடது கைக் கொத்தின் மேல் வைக்கச் சொல்லி, வலது கையில் மிச்சமிருப்பதை அதன்மேல் போட்டால் முடிந்தது. இப்போது கிளாவர் ஒன்பதுக்கு நேர் கீழே அவர் சீட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து போட்டால் ஒன்பதை அடுத்து வருவது அதுதான். அங்கே நிறுத்தாமல் இன்னும் நாலைந்து சீட்டு போட்டுவிட்டு, 'அடுத்து நான் திருப்பும் சீட்டு உங்களுடையது' என்று சொல்ல வேண்டும். தம் சீட்டு போய்விட்டதை முன்பே பார்த்துவிட்டவர் உள்ளுக்குள் சிரிப்பார். கட்டைத் தொடாமல், ஏற்கெனவே திறந்து கிடக்கும் அவர் சீட்டை எடுத்துக் கவிழ்த்துப் போட்டால் சிரிப்பு இடம் மாறும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பத்து ரூபாய் பந்தயம் கட்ட ஆசை வரும். கட்டினால் வித்தை சூதாகிவிடும். சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வந்தாலே குடும்பம் அழிந்தது என்று நம்பும் பெற்றோர் நம்மில் ஏராளம். அவர்கள் பயம் வெறும் பயமல்ல.

இரண்டாவது வித்தைக்குக் கைத்திறனே வேண்டாம். 21 சீட்டுகளை மூன்று வரிசையாக, வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறந்து போட வேண்டும். தம் சீட்டு எந்த வரிசையில் என்று மட்டும் அவர் சொன்னால் போதும். அந்த வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்துச் சேர்த்து மறுபடி போட வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்தால் அவர் சீட்டு மேலிருந்து 11-வதாக நிற்கும். எல்லாம் கணக்குதான். இதே வித்தையின் 27 சீட்டு வடிவத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர் ஜெர்கோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது, பேச்சு வேண்டும். மூன்று முறை சீட்டுப் போடுவதை மௌனமாகச் செய்தால் பார்ப்பவர் கொட்டாவி விடுவார். தீவுகளில் இதில் ஒரு சிக்கல். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வங்காளி, இந்திக்கு அடுத்த இடத்தில் தமிழ். அதன் பின் தெலுங்கு, நிக்கோபாரி. எல்லோருக்கும் பொதுவாகக் கடைத்தெருவில் புழங்குவது இந்தி. எனவே தமிழ்ப் பையன் தன் வித்தைக்கு இந்தியில் வசனம் தயாரிக்க வேண்டும். இலக்கணம் உடைந்தாலும் பரவாயில்லை. உடைந்த வாக்கியத்துக்குச் சிரிக்கிறவர் கையைக் கவனிப்பதில்லை.

ஈரம் இன்னொரு தொல்லை. இரண்டு பருவமழையும் தொடும் தீவுகளில் காகிதச் சீட்டு ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டும். பிளாஸ்டிக் சீட்டு தாங்கும், ஆனால் வழுக்கும்.

முன்பெல்லாம் தீவில் வித்தை கற்க ஒரு பழைய புத்தகமோ விஷயம் தெரிந்த மாமாவோ வேண்டும். சாட்டிலைட்டை நம்பியிருந்த இன்டர்நெட்டில் வீடியோ நகராது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. இப்போது ரகசியம் இரண்டே நிமிடத்தில் கிடைக்கிறது. பார்க்க உட்கார்ந்திருப்பவருக்கும்தான்.

கப்பலில் அந்தக் கவலை இல்லை; சிக்னல் கிடையாதே. அங்கே கவலை வேறு. தெருவில் வித்தை காட்டுபவர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். கப்பலில் மூன்று நாளும் அதே முகங்கள். ஒரே ஆட்களிடம் ஒரே வித்தையை இரண்டாம் தடவை செய்யாதே என்பது இந்தக் கலையின் முதல் சட்டம். முதல் தடவை ஆச்சரியப்பட்டவர் அடுத்த தடவை அடிச்சீட்டைத்தான் பார்ப்பார். கையிலிருப்பதோ இரண்டே வித்தை. ஹேடோ துறைமுகம் தெரிய இன்னும் ஒரு ராத்திரி பாக்கி. எதிர்ப் படுக்கைக்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கட்டை நீட்டுகிறார்: இன்னொரு தடவை.