நாடகம் பார்ப்பதும் குற்றமா?

பிரிட்டிஷ் சர்க்கார் 1876-ஆம் வருஷத்தில், இந்நாட்டு நாடகங்களை அடக்குவதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. அவதூறானது, ஒழுக்கத்தைக் கெடுப்பது, சர்க்காரிடம் துவேஷத்தை மூட்டுவது என்று அதிகாரிகள் கருதும் எந்த நாடகத்தையும் தடுத்துவிட அது இடங்கொடுத்தது. தடையை மீறி நடித்தவனுக்கு மூன்று மாதம் வரை சிறைவாசம். நடத்த உதவினவனுக்கும் அதுவே. கொட்டகையைத் திறந்துவிட்ட சொந்தக்காரனுக்கும் அதுவே. போலீசார் உள்ளே புகுந்து ஆட்களைக் கைது செய்வதோடு, திரைகளையும் வேஷ உடைகளையுங்கூட வாரிக்கொண்டு போகலாம். இவையெல்லாம் அந்நிய ஆட்சியில் எதிர்பார்க்கக்கூடியவையே. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. தடையுத்தரவை வேண்டுமென்றே மீறி, அந்நாடகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே தண்டனை!

பார்த்தவன் செய்த குற்றம் என்ன? அவன் பாடவில்லை, பேசவில்லை, வேஷம் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். அவனையும் நடிகனோடு ஒரே கூண்டில் நிறுத்தத் துணிந்தது அச்சட்டம். கொடிய சட்டந்தான், சந்தேகமில்லை. ஆயினும் அதை எழுதினவர்கள் நாடகத்தின் இயல்பை நம்மவர் பலரைக் காட்டிலும் நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாடகத்தை நடிகன் ஒருவனே நடத்துவதில்லை. எதிரே இருப்பவனும் கூடவே நடத்துகிறான். இந்த உண்மையை மறந்தவர்களே நாடகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறார்கள்.

சர்க்காரின் பயம் எங்கே முளைத்தது என்று பார்ப்போம். வங்காளத்தில் அவுரித் தோட்டத் துரைமார் குடியானவர்களைப் படுத்திய பாட்டை தீனபந்து மித்திரர் 1860-ல் ‘நீல தர்ப்பணம்’ என்ற நாடகமாக எழுதினார். மறு வருஷம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் ஒரு மாதம் சிறை சென்றார். ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. 1872 டிசம்பரில் கல்கத்தாவில் ‘நேஷனல் தியேட்டர்’ என்ற சபையார் அந்நாடகத்தை மேடையேற்றினார்கள். துரையாக நடித்தவரின் கொடுமையைக் கண்டு பொறுக்கமாட்டாமல் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் தமது செருப்பை அவர் மீது வீசினார் என்றும், அந்நடிகர் அதைத் தமக்குக் கிடைத்த பரிசாகத் தலைமேல் வைத்துக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டும், அது வழங்கி வருவதற்குக் காரணம் இருக்கிறது. காகிதத்தில் படித்தபோது மனத்துக்குள் பொருமினவன், மேடையில் கண்டபோது நூறு பேர் நடுவில் பொருமினான். தன்னைப் போலவே பக்கத்திலிருப்பவனும் பொருமுகிறான் என்பதைக் கண்ணால் கண்டான். 1876-ல் வேல்ஸ் இளவரசரின் கல்கத்தா விஜயத்தைத் தொட்டு எழுந்த ஒரு பரிகாச நாடகம், சட்டம் செய்வதற்கு உடனடிக் காரணமாயிற்று. அதற்கு முன்பே ஜனங்கள் ஓரிடத்தில் கூடி ஒன்றாய் உணர்வதைச் சர்க்கார் கண்டு அஞ்சத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். இங்கே பெரும்பாலும் புராண நாடகங்களே நடந்தன. ஆனால் காந்தியடிகளின் இயக்கம் பரவிய பின், வள்ளி திருமணத்துக்கு வந்த ஜனங்கள் தேசியப் பாட்டு வேண்டுமென்று கேட்டார்கள், நடிகர்களும் பாடினார்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு எழுந்தால், அந்தக் கொக்கு எதுவென்று கொட்டகை முழுவதும் தெரிந்துகொண்டது. பாட்டின் பொருளில் பாதி நடிகனின் வாயிலும், மறு பாதி கேட்டவர்களின் ஆரவாரத்திலும் இருந்தது.

இவ்வகைப் பாட்டுக்களால் பன்முறை சிறை புகுந்தவர் எஸ். எஸ். விசுவநாத தாஸ். 1886-ல் சிவகாசியில், நாவிதத் தொழில் புரிந்த மருத்துவர் குலத்தில் பிறந்தவர். வீதியில் அவரைக் கண்டு ஒதுங்கக்கூடிய சமூகம், மேடையில் முருகனாக அவர் தோன்றியபோது கைகூப்பிற்று. நடிப்பு நடிகனுக்கு என்ன தருகிறது என்று கேட்போர் இதைச் சிந்திக்க வேண்டும். பிறப்பினால் ஊர் தனக்கு இட்ட இடத்தை விட்டு எழுந்து, வேறோர் இடத்தில் நின்று, அவ்வூர் முழுவதையும் தன் பேச்சைக் கேட்கச் செய்வது சாமானியமான பேறு அன்று. அதற்காகத்தான் பசியையும் பிரயாணத்தையும் சிறையையும் பொறுத்தார்கள். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே விசுவநாத தாஸின் உயிர் பிரிந்தது. ஜனங்கள் எதிரில் இருந்தார்கள். அவர் வேஷத்தோடு இருந்தார்.

‘இது பழங்கதை, பேசும் படம் வந்த பின் நாடகம் எதற்கு?’ என்று கேட்பார் உண்டு. தமிழில் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வெளிவந்தது. அதன் பின் நடிகர்களையும் பாட்டுக்களையும் கொட்டகைகளையும் சினிமா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. சினிமாவை நாம் குறைகூறவில்லை. ஒரே நடிப்பை லட்சம் பேருக்குக் காட்டும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் திரையில் இருப்பவனுக்குக் காது கிடையாது. நாம் அழுதாலும் தூங்கினாலும் அவன் ஒரே மாதிரிதான் சிரிப்பான். மேடைமேல் நிற்பவனோ நம் மௌனத்தையும் கேட்கிறான்.

இதை இன்றும் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் நடக்கும் ‘ஸ்பெஷல் நாடக’த்துக்குப் போகட்டும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் வந்து அன்றிரவு ஒன்று சேர்வார்கள். ஒத்திகை இல்லை, ஆட்டிவைக்கும் ஆசிரியர் இல்லை. 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடகங்களும் பாட்டுக்களுமே அவர்களுக்கிடையே உள்ள உடன்படிக்கை. இரவு பத்து மணி சுமாருக்குத் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் மூண்டால், கேள்வி எந்தப் பக்கம் திரும்புமென்று நடிகர்களுக்கே தெரியாது. எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ கதை முழுவதும் மனப்பாடம். பதில் தளர்ந்தால் அவர்கள் சலசலப்பார்கள். கூர்மையாக விழுந்தால் எழும் கைதட்டல் அடுத்த கேள்விக்கு வேகம் கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்களும் அங்கே பரீட்சை அதிகாரிகள்.

இந்தக் கலைஞர்களின் பிழைப்பு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டிற்று. கொரோனா நோய்க்காக மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது, அவர்களுக்கு வருஷத்தின் அறுவடைக் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. திருவிழாக்கள் நின்றன, நாடகமும் நின்றது. 1876-ஆம் வருஷத்துச் சட்டம் கட்டளையால் செய்ததை நோய் கட்டாயத்தால் செய்தது. நடிகனும் ஜனங்களும் ஓரிடத்தில் கூட முடியாவிடில் இந்தக் கலைக்கு மூச்சே இல்லை என்பது மறுபடியும் தெளிவாயிற்று.

சட்டத்தின் கதையையும் முடித்துவிடுவோம். அந்நியர் போன பின் அது போய்விடவில்லை. சுதந்திர இந்தியாவின் ஏட்டில் அது எழுபது வருஷம் கிடந்து, 2018-ல்தான் ரத்தாயிற்று. அது போதாதென்று சென்னை ராஜ்யம் 1954-ல் தனக்கென்று ஒரு நாடகச் சட்டமும் செய்துகொண்டது. அதன் முக்கியமான விதிகள் செல்லாவென்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. நம் சொந்த சர்க்காருக்கும் மேடையைக் கண்டு பயம் உண்டு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். சட்டத்தை ஏட்டிலிருந்து எடுத்துவிடலாம். பயத்தை அவ்வளவு சுலபமாக எடுத்துவிட முடியாது.

ஆனால் நாடகத்தைக் கொல்லச் சட்டந்தான் வேண்டுமென்பதில்லை. ஜனங்கள் வராதிருந்தாலே போதும். பார்த்தவனும் நாடகத்தில் பங்காளி என்று சட்டம் செய்தவன் கண்டான். அப்படியானால், பார்க்க வராதவன் நாடகத்தின் அழிவிலும் பங்காளியே ஆவான். தேசத் தொண்டு செய்வோர் மேடையில் பேசக் கற்றிருக்கிறார்கள். மேடையின் எதிரில் உட்காரவும் கற்க வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ திரை கட்டும் செய்தி வந்தால், காசு கொடுத்தோ காணிக்கை கொடுத்தோ முன்வரிசையில் போய் உட்காருங்கள். நன்றாயிருந்தால் கை தட்டுங்கள், தவறினால் கேளுங்கள். ஒரு காலத்தில் மூன்று மாதச் சிறையைத் தரக்கூடிய காரியம் அது. இன்று தூக்கத்தில் ஓரிரவை மட்டுமே கேட்கிறது.