வயதான நாய்க்கு அடிக்கடி வலிப்பா... 'போதும்' என்று எப்போது முடிவெடுப்பது?

நாய்க்கு வலிப்பு வந்து ஒருமுறை பார்த்துவிட்டால் அது மனசை விட்டுப் போகாது. கால்களை உதறும், வாயில் நுரை தள்ளும், கிடந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். அதுவும் 12, 13 வயசான செல்லம் என்றால், 'இதுக்கு மேல கஷ்டப்படுத்தணுமா?' என்ற கேள்வி உடனே வந்துவிடும். ஆனால், அந்த நிமிஷத்தில் முடிவெடுக்காதீங்க.

உடம்பு முழுக்க உதறுகிற வலிப்பில் நாய்க்கு நினைவு இருக்காது. பார்க்கிற நமக்குத்தான் அது நரகம். அப்போது நீங்க செய்ய வேண்டியது, மொபைலில் டைம் பார்ப்பது, இடிக்கிற மாதிரி இருக்கும் நாற்காலியை நகர்த்துவது, முடிந்தால் வீடியோ எடுப்பது. டாக்டருக்கு அந்த வீடியோ ரொம்ப உதவும். வாய்க்குள் கையை விடாதீங்க. நாய் நாக்கை விழுங்காது, உங்க விரல்தான் போகும். (சாவிக்கொத்து வைத்தியம் மனுஷங்களுக்கே வேலை செய்யாது!) 5 நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி.

வயசான பிறகு முதல் தடவையாக வலிப்பு வந்தால், பின்னணியில் வேறு நோய் இருக்க வாய்ப்பு அதிகம். கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தில் சர்க்கரை குறைவது, மூளையில் கட்டி என எதுவாகவும் இருக்கலாம். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. சிலதைச் சரிசெய்துவிடலாம். வலிப்பைக் கட்டுப்படுத்த ஃபீனோபார்பிடோன், லெவெடிராசிட்டம் போன்ற மாத்திரைகள் இருக்கு. ஃபீனோபார்பிடோன் ஆரம்பித்த முதல் சில வாரங்கள் நாய் தள்ளாடும், தூங்கி வழியும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு இன்னும் மோசமாகத் திரும்பும்.

அப்போ எதை வைத்து முடிவெடுப்பது? இரண்டு வலிப்புக்கு நடுவில் இருக்கிற நாள்களைப் பாருங்க. வலிப்பு நின்றதும் சில நாய்கள் சுவரில் முட்டும், வட்டமடிக்கும், உங்களையே அடையாளம் தெரியாமல் உறுமும். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, தயிர்சாதத்துக்கு வாலாட்டினால் இன்னும் காலம் இருக்கு. தெளியவே இரண்டு நாள் ஆகி, தெளிந்த மறுநாளே அடுத்தது வந்தால், அது வாழ்கிற நாள் எங்கே?

அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, சாப்பாடு, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா... இந்த ஏழுக்கும் தலா 10 மார்க். 70-க்கு 35-ஐத் தாண்டினால் கவனிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. செல்லத்துக்கு மார்க் போடுவதா என்று சங்கடமாக இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருத்தர் 'விட்டுடலாம்' என்றும், இன்னொருத்தர் 'இன்னும் ஒரு வாரம்' என்றும் சண்டை போடும்போது, காலண்டரில் குறித்து வைத்ததுதான் பேசும்.

'ஊசி போட்டுக் கொல்றது பாவம்' என்று அம்மாவோ பாட்டியோ சொல்வார்கள். அவங்க பயம் புரியுது. ஆனால் எழக்கூட முடியாத நாயை, வலிப்புக்கு மேல் வலிப்பாக, 'தானா போகட்டும்' என்று விடுவதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கருணைக்கொலையில் பெரும்பாலும் முதலில் மயக்க ஊசி போடுவார்கள். பிறகு ரத்தக்குழாய் வழியாக அதிக அளவில் மயக்க மருந்து. சில நிமிஷங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் திறந்தபடியே இருக்கும். கடைசியில் ஒரு பெருமூச்சோ, காலில் துடிப்போ வரலாம், சிறுநீர் போகலாம். அது முழித்துக்கொள்வது கிடையாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்க. வீட்டுக்கே வருவாரா, எவ்வளவு ஆகும், அடக்கமா எரியூட்டலா என்பதையும் டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்க. அன்றைக்குப் பேச வராது.

உள்ளே நிற்க முடியாவிட்டால் வெளியே இருங்க, தப்பில்லை. வீட்டில் யாராவது ஒருத்தர், அதற்குப் பழகின குரல், தலைமாட்டில் இருக்கட்டும்.