உதவி கேட்டால் கதவு திறக்கும்

சர்வரில் ஒருவருக்குக் கணக்கு தர வேண்டும்; ஆனால் அவர் உள்ளே உலாவக் கூடாது. தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் புரோகிராம்தான் ஷெல்; இதற்காக வந்தவை கட்டுப்படுத்தப்பட்ட ஷெல்கள். வந்தவரைத் திண்ணையிலேயே உட்காரவைத்து, கேட்ட பொருளை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்புகிற ஏற்பாடு.

மூலநிரலைச் சேமித்துப் பகிர உதவும் கிட் மென்பொருளோடு வரும் 'கிட்-ஷெல்' இந்த வகை. மூலநிரலை அனுப்பவும் எடுக்கவும் உள்ள இரண்டு மூன்று கட்டளைகளைத் தவிர வேறு எதைத் தட்டினாலும் மறுத்துவிடும்.

2017 மே மாதம் இதில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் டிமோ ஷ்மிட். கட்டளையின் பெயரை கிட்-ஷெல் ஒழுங்காகத்தான் சோதித்தது. அதன் பின்னால் வரும், மூலநிரல் இருக்கும் களஞ்சியத்தின் பெயரில்தான் கோட்டைவிட்டது. அந்த இடத்தில் '--ஹெல்ப்' என்று கொடுத்தால் கிட் அதைப் பெயராக நினைக்காது. யாரோ உதவி கேட்கிறார் என்று கையேட்டை விரித்துக் காட்டும். நீளமான கையேட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டுவது 'லெஸ்' என்ற புரோகிராமின் வேலை. வெறுமனே வாசிக்கத்தான் அது. ஆனால் அதற்குள் இருந்தபடியே ஓர் ஆச்சரியக்குறியைத் தட்டி, பக்கத்தில் ஒரு கட்டளையை எழுதினால் அதையும் இயக்கிக் கொடுக்கும்! திண்ணையில் இருந்தவர் இப்போது அடுக்களையில் நிற்கிறார்.

கையேடும் தன் வேலையைத்தான் செய்தது, லெஸ்ஸும் தன் வேலையைத்தான் செய்தது. அதனால்தான் இத்தகைய ஓட்டைகள் சட்டென்று கண்ணில் படுவதில்லை.

இது முதல் முறையும் அல்ல. கோப்புகளை நகலெடுக்க மட்டும் விடும் 'ஆர்எஸ்எஸ்ஹெச்' ஷெல்லில் 2004-லேயே இதே கூத்து நடந்தது. அது அனுமதித்த 'ஆர்சிங்க்' புரோகிராமில், இணைப்புக்கு எந்தப் புரோகிராமை அழைக்கலாம் என்று பயனரே சொல்ல ஒரு வசதி உண்டு. அதைத் தடுத்தார்கள். 2019-இல் வேறு வழிகள் கிளம்பின. இப்போது அந்த ஷெல்லுக்குப் பராமரிப்பே இல்லை.

கிட்டுக்கான திருத்தம் சின்னதுதான்: சிறுகோட்டில் தொடங்கும் பெயரை அதன்பின் கிட்-ஷெல் ஏற்பதில்லை. சொந்தமாக கிட் சர்வர் நடத்துபவர்கள் பதிப்பு எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையோடு, அந்தக் கணக்குகளுக்கு டெர்மினல் தருவதையும் நிறுத்திவிடுங்கள். டெர்மினல் இல்லாமல் லெஸ்ஸில் ஆச்சரியக்குறியைத் தட்ட வழியில்லை.