பழைய புல்டோசருக்குப் பதமான எண்ணெய்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு தொடங்கியது. மறுநடவுக் காலத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்து நிலத்தைச் சீர்படுத்துவது புல்டோசர். வயதானவர்களுக்குப் பத்தியம் எப்படியோ, வயதான இயந்திரத்துக்கு எண்ணெய் அப்படி.

டின்னில் 30, 40 என்றிருப்பது எண்ணெயின் தடிப்பு. 15டபிள்யூ-40 என்பதிலுள்ள டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும். ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் மண்ணில், கையேடு அனுமதித்தால், பழைய டீசல் எஞ்சினுக்கு ஒற்றைத் தர 30 அல்லது 40 போதும். கியர் பெட்டிக்கோ கையேடு சொல்வதையே ஊற்ற வேண்டும். சில கியர் எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்க்கை, பழைய வெண்கலப் பாகங்களை அரித்துவிடும்.

காலையில் எஞ்சினை முடுக்குமுன், சமதரையில் நிறுத்தி அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, முடுக்காதீர்கள். மாலையில் சங்கிலியில் அப்பிய சேற்றைச் சுரண்டி எடுங்கள். விட்டால் அது இறுகி உருளைகளைத் தேய்க்கும். அதற்குமுன் மண்தள்ளும் தகட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைக்க மறவாதீர்கள். தூக்கி நிற்கும் தகட்டை நம்பிக் கீழே குனிவது உயிருக்கே ஆபத்து.

கழிவெண்ணெயை ஓடையில் கொட்டலாகாது. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணையிட்ட கழிவு. ஓடை சேருமிடம் ஆறு. சிலாங்கூர் ஆற்றங்கரையில்தான் கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழ்கின்றன. அந்த எண்ணெய் நாளும் தோலில் பட்டால் தோல் புற்றுநோய்கூட வரலாம். சகோதரிகளே, வீடு திரும்பும் கணவருக்குச் சோப்பை முதலில் நீட்டுங்கள், தேநீர் பிறகு!