‘குளிர் இரத்தம்’ என்னும் கலைச்சொல்லும் மீன்களின் உடல் வெப்பமும்

மீன்களைக் ‘குளிர் இரத்தப் பிராணிகள்’ என வகைப்படுத்துவது தமிழ் அறிவியல் பாடநூல்களில் நெடுநாள் வழக்கு. மீனின் உடல் வெப்பம் குறித்து அறிவியல் இன்று அறிந்தவற்றை இச்சொல் தாங்குமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கோடை நண்பகலில் தாம்பரம், செம்பாக்கம் பகுதிகளின் ஆழங்குறைந்த ஏரிகளில் மேற்பரப்பு நீர் 30 டிகிரி செல்சியஸைக் கடக்கும். அந்நீரில் நீந்தும் விராலின் இரத்தமும் ஏறத்தாழ அதே வெப்பத்தில் இருக்கும். கரையில் நிற்பவரின் 37 டிகிரிக்கு அது வெகுதொலைவில் இல்லை. நீலகிரியில் அவலாஞ்சி ஓடையில் வாழும் டிரவுட் மீனின் இரத்தமோ மெய்யாகவே குளிர்ந்தது. இவ்விரண்டிற்கும் பாடநூல் தரும் பெயர் ஒன்றே.

டிரவுட் நம் நாட்டு மீனன்று. 1860களில் பிரான்சிஸ் டே அதனை நீலகிரியில் குடியேற்ற முயன்றார்; அம்முயற்சி பலிக்கவில்லை. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தபின், எச். சி. வில்சனின் முயற்சியால் வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. மலையைவிட்டு அது கீழிறங்காமைக்குக் காரணம் உண்டு. நீர் சூடேறச் சூடேற மீனின் வளர்சிதைமாற்றம் விரைவுற்று, ஆக்சிஜன் தேவை மிகும். ஆனால் நீரில் கரையும் ஆக்சிஜனோ குறையும்: 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம். விரால் நீர்மட்டத்திற்கு வந்து காற்றைச் சுவாசித்துப் பிழைக்கிறது. டிரவுட்டிற்கு அவ்வழி இல்லை. 25 டிகிரியை ஒட்டிய நீரே அதற்கு உயிராபத்தாகும்.

மீன் தன் உடலில் தோன்றும் வெப்பத்தைச் சேமிக்க இயலாததற்குச் செவுளே முதற்காரணம். ஆக்சிஜனைப் பெற இரத்தம் நீரை மிக நெருங்கியாக வேண்டும். அந்நெருக்கத்தில் ஆக்சிஜன் உட்புகுவதைவிட விரைவாக வெப்பம் வெளியேறிவிடுகிறது.

வெப்பத்தைத் தேக்க இயலாத உயிரி அதனை உணரவும் இயலாது என்று கருதலாகாது. பழக்கப்படுத்திய கடல்மீன்கள் 0.03 டிகிரி அளவு நுண்ணிய மாற்றத்தையும் உணர்ந்ததை 1936இல் எச். ஓ. புல் வெளியிட்டார். தோலில் பரவிய நரம்பு முனைகள் புறவெப்பத்தை அறிவிக்கின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தன் வெப்பத்தையே அளந்துகொள்கிறது. ஆய்வகத்தில் மூளையின் அப்பகுதியை மட்டும் சூடாக்கியபோது மீன் குளிர்ந்த நீரை நாடிச் சென்றது. கோடையில் டிரவுட் ஆழ்மடுவையும் ஊற்றுநீர் கலக்குமிடத்தையும் தேடுவது இத்தகைய நெறிப்படுத்தலே. உடலினுள்ளும் மாற்றம் நிகழ்கிறது. குளிர்காலத்தில் செல்சவ்வு இறுகாதிருக்க அதன் கொழுப்பமிலங்கள் மாறுகின்றன. குளிருக்கும் வெப்பத்திற்கும் ஒரே நொதியின் வெவ்வேறு வடிவங்களை டிரவுட்டின் மூளை கொள்வதாக 1970இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதுவரை கூறியவற்றிற்கு விலக்கான மீன்களும் உள. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கோவளம் கடற்கரையில் கரைசேரும் சூரையின் செந்தசையில், வெளிச்செல்லும் சூடான குருதிக்குழல்களும் உள்வரும் குளிர்ந்த குழல்களும் எதிரெதிரே நெருங்கி அமைந்துள்ளன. அதனால் தசையின் வெப்பம் செவுளை அடையுமுன்பே திரும்பப் பெறப்படுகிறது. ஓப்பா என்னும் ஆழ்கடல் மீன் இவ்வமைப்பைச் செவுளிலேயே கொண்டு, இதயம் உட்பட உடல் முழுவதையும் சுற்றுநீரைவிட வெப்பமாக வைத்திருப்பது 2015இல் தெரியவந்தது.

‘சுடுதண்ணீர்’ என்று கூசாமல் சொல்கிறோம். ‘தண்’ என்பதன் பொருள் அங்குத் தேய்ந்துவிட்டது. அதுபோலக் ‘குளிர்’ என்பதும் இங்கு வெற்று அடையே என்று வாதிடலாம். பேச்சுவழக்கிற்கு அவ்வாதம் பொருந்தும். வகைப்பாட்டிற்குரிய கலைச்சொல்லுக்குப் பொருந்தாது. இச்சொல் இரு வினாக்களை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. அது நிலையாக உள்ளதா என்பது மற்றொன்று. முன்னதற்குப் ‘புறவெப்பி’, ‘அகவெப்பி’ என்பனவும், பின்னதற்கு ‘மாறுவெப்பி’, ‘நிலைவெப்பி’ என்பனவும் தனித்தனியே தேவை. அவ்வாறு பிரித்தால் அவலாஞ்சி டிரவுட்டும் செம்பாக்கம் விராலும் புறவெப்பிகளாகும். சூரையைப் ‘பகுதி அகவெப்பி’ எனலாம்.